தேவதாஸ் சொன்ன கடைசிச் சாட்சி

புதுச்சேரியில் ஒருவன் பிறப்பதற்கு ஒரு தாய் போதும். பிறந்தவன் என்று ஆவதற்கு ஏழு பேர் வேண்டும்.

பிள்ளை பிறந்தால் நகராட்சி அலுவலகமான மெரிக்குப் போய் எழுதி வைக்க வேண்டும் என்பது பிரெஞ்சுக்காரன் போட்ட சட்டம். அன்றைக்கு மழை பெய்திருக்கும். தகப்பன் சாராயக் கடையில் சந்தோஷமாக இருந்திருப்பான். அல்லது மூத்தவனுக்கு எழுதியதே இவனுக்கும் ஆகும் என்று விட்டிருப்பான். இருபது வருஷம் கழித்து அந்தப் பிள்ளைக்கு உத்தியோகமோ கல்யாணமோ கூடிவரும்போதுதான் அவன் இன்னும் பிறக்கவே இல்லை என்பது தெரியவரும். உடனே ஏழு பேரைத் திரட்டிக்கொண்டு நீதிபதி முன்னால் போய் நிற்பார்கள். “இவர் பிறந்தது எங்களுக்குத் தெரியும்” என்று ஏழு பேரும் கையை உயர்த்திச் சொன்னால், சட்டம் மனம் இளகி அவனைப் பிறக்க வைக்கும்.

அந்த ஏழு பேரில் ஒருவராக நிற்பதை ஊரில் யாரும் பொய் என்று எண்ணியதில்லை. சாவு வீட்டில் தோள் கொடுப்பதைப் போல அது ஒரு ஒத்தாசை. இன்றைக்கு இவர் அவருக்கு நிற்பார், நாளைக்கு அவர் இவருக்கு நிற்பார்.

உப்பளத்துத் தேவதாஸ் இதில் பேர் எடுத்தவர். அவருக்கு அதற்கேற்ற உடம்பு. நல்ல உயரம், பட்டாளத்து நிமிர்வு, மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு. நீதிபதி முன்னால் இருமமாட்டார், தலையைச் சொறியமாட்டார், கேட்டதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். கோரிமேட்டிலிருந்தும் உழவர்கரையிலிருந்தும் அவரைத் தேடி ஆள் வரும். கூலி கிடையாது, ஒரு காப்பி. தன்னைவிட மூத்தவரான ஒரு நாராயணசாமியின் பிறப்புக்கே அவர் கண்ணால் கண்ட சாட்சி.

“அவரு பொறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்களாம்?” என்று அவர் மனைவி மர்த் கேட்டாள்.

“பக்கத்துலதான்.”

“யார் வயித்துல?”

தேவதாஸ் சிரித்தார். அப்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும்.

அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்த சொல்தா. ஊரில் பழைய சிப்பாய்களை அப்படித்தான் சொல்வார்கள். பட்டாளம் கடைசியாக அவரைக் கொண்டுபோய் இறக்கிய இடம் இந்தோசீனா. அங்கே 1951ஆம் வருஷத்துப் பெரிய வெள்ளிக்கிழமையன்று, வடக்கே தொங்கினில், ஒரு வாய்க்காலைக் கடக்கும்போது அவர்களுடைய பிரிவை எதிரி மடக்கினான். உப்பளத்துக்காரனான ஜில்பேர் அக்கரையில் அடிபட்டு விழுந்தான். கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட மனைவி ஏவ்லினோடு இருக்காதவன். தேவதாஸ் மார்பளவுத் தண்ணீரில் திரும்பிப் போனார். ஜில்பேரை முதுகில் போட்டுக்கொண்டு வரும் வழியில் இடது தோளில் குண்டு துளைத்தது. படகிலிருந்து கயிறு வீசி இரண்டு பேரையும் இழுத்துப் போட்டவன் கண்ணையன். இழுத்த இழுப்பில் பீரங்கிச் சில்லு ஒன்று அவன் கணுக்காலுக்கு மேலே சதையைச் சீவிக்கொண்டு போனது.

ஜில்பேர் படகில் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தான். கண்ணைத் திறந்து, “சோறு ஆயிடுச்சா?” என்று கேட்டான். “ஆயிடுச்சுடா” என்றார் தேவதாஸ். அதற்குள் கேட்டவன் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு கர்னல் வந்து தேவதாஸின் படுக்கையருகே நின்று, வெண்கலத்தில் ஒரு போர்ச் சிலுவையை அவருடைய சட்டையில் குத்தினார். இளநீல நாடா, இரண்டு ஓரமும் சிவப்பு. “காகிதம் பின்னால் வரும்” என்றார். கம்பெனியின் காகிதப் பெட்டிகளை ஏற்றிவந்த படகு அந்த வருஷத்து வெள்ளத்தில் ஆற்றோடு போயிற்று. வாய்க்காலைக் கடந்த படகில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தொங்கின் மண்ணுக்குள் தங்கிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமையைப் பார்த்தவர்களில் புதுச்சேரிக்குத் திரும்பியவர்கள் தேவதாசும் கண்ணையனும்தான்.

திரும்பி வந்ததும் ஏவ்லின் கேட்ட முதல் கேள்வி, “கடைசியா என்ன சொன்னாரு?”

சோற்றைப் பற்றிக் கேட்டான் என்று ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? “உன் பேரச் சொன்னான்” என்றார் தேவதாஸ். அதுவும் ஒரு ஒத்தாசை.

1954 நவம்பரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியது. மூவர்ணம் மூவர்ணமாகவே இருந்தது, நிறங்கள்தான் மாறின. விடுதலைப் போராட்டம் முடியப்போகும் வாரத்தில் போராட்டத்தில் சேர்ந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். கண்ணையன் அவர்களில் ஒருவன். பட்டாளத்து உடுப்பைக் கொல்லையில் புதைத்துவிட்டுக் கதர் வாங்கினான். கதர் அவனுக்குப் பொருந்தவும் செய்தது. ஆனால் நேற்று வந்தவனுக்கு யார் மாலை போடுவார்கள்? தியாகத்துக்கும் கொஞ்சம் பழமை வேண்டும்.

அடுத்த தை மாதத்தில் உப்பளத்து மைதானத்தில் தியாகிகளுக்குப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடாயிற்று. முதல் நாள் கண்ணையன் தேவதாஸ் வீட்டுக்கு வந்தான்.

“மச்சான், எனக்காக நீ ஒரே ஒரு வார்த்த சொல்லணும்.”

“பொறப்பா, கல்யாணமா?”

“அடி. பிரெஞ்சுப் போலீசு என்னை அடிச்சத நீ பாத்த.”

“எப்பப் பாத்தேன்?”

“அது உன் இஷ்டம். ஆனா பழசா இருக்கணும்.”

மறுநாள் தேவதாஸ் மேடையேறினார். ஒலிபெருக்கி முன்னால் நின்றதும், நாள் என்ன சொல்வது என்று ஒரு கணம் திகைத்தார். வாய்க்கு வந்தது, அவர் உயிருள்ளவரை மறக்க முடியாத நாள்.

“ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அம்பத்தி ஒண்ணு, பெரிய வெள்ளிக்கிழமை. உழவர்கரை ரோட்டுல வெள்ளக்காரன் போலீசு கண்ணையனப் போட்டு அடிச்சத நான் என் கண்ணால பாத்தேன். தூக்கிவிட்டவனே நான்தான்.”

கண்ணையன் வேட்டியைத் தூக்கிக் கணுக்காலுக்கு மேலிருந்த தழும்பைக் காட்டினான். மைதானம் கைதட்டியது. கைதட்டியவர்களில் பாதிப் பேருக்கு அந்த வருஷம் இருவரும் எங்கே இருந்தார்கள் என்பது தெரியும். தெரிந்தால் என்ன? கைதட்டலும் ஒத்தாசைதானே. அன்றைக்கு மாலை கண்ணையன் தியாகி கண்ணையன் ஆனார். அதற்குப் பிறகு அவரை ‘அவன்’ என்று எழுத யாருக்குத் துணிச்சல் வரும்?

நாலைந்து வருஷம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. தேவதாஸ் பழைய துறைமுகத்தருகே ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்தார். மர்த் ஞானஸ்நான உடுப்புகளுக்குப் பூவேலை செய்து கொடுத்தாள். ஜூலை பதினாலு பிரெஞ்சுத் திருநாளுக்கும் நவம்பர் பதினொன்று போர் நினைவு நாளுக்கும் தேவதாஸ் வெள்ளைக் கோட்டைப் போட்டு, இடது மார்பில் சிலுவையைக் குத்திக்கொண்டு, கடற்கரையில் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். அங்கே சொல்தாக்கள் நிற்பதற்கு ஒரு முறை உண்டு. மெடல் உள்ளவர்கள் முன்வரிசை, இல்லாதவர்கள் பின்னால். மெடல்காரர் செத்துப்போனால் வெல்வெட்டுத் தலையணையில் மெடலை வைத்துப் பெட்டிக்கு முன்னால் எடுத்துப் போவார்கள்.

1959இல் சொல்தாக்கள் சங்கத்துக்கு முசியே ஷார்ல் தலைவரானார். பட்டாளத்தில் அஜுதான் என்ற சிறு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் நடந்தால் மெடல்கள் கிணுகிணுக்கும். அவர் செய்த போர்கள் பெரும்பாலும் கால்சட்டைக் கிடங்குகளில் நடந்தவை. ஆனால் ஒவ்வொரு மெடலுக்கும் காகிதம் இருந்தது. கெட்டவர் என்று சொல்ல முடியாது. எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாதவர். கால்சட்டைகள் கற்றுக்கொடுத்த பாடம். அவர் எல்லோருடைய சேவைக் குறிப்பையும் தருவித்துப் படித்தார். நவம்பர் பதினொன்றாம் தேதி காலையில், அலைச் சத்தத்துக்கு நடுவே, முன்வரிசையில் தேவதாஸுக்கு எதிரே வந்து நின்றார்.

“தேவதாஸ், இது என்ன?”

“குருவா த கேர், போர்ச் சிலுவை முசியே.”

“அது தெரியுது. உன் குறிப்புல இல்லியே.”

“காகிதம் வரல முசியே. மெடல்தான் வந்துது.”

“மெடல் தனியா நடந்து வராதுப்பா. யாரோடது?”

அதை ஷார்ல் எந்தக் குத்தலும் இல்லாமல்தான் கேட்டார். கிடங்கில் ஒரு கால்சட்டை அதிகமாக இருந்தாலும் அதே குரலில் கேட்டிருப்பார். ஆனால் விதவைகளின் வரிசையில் கறுப்புச் சேலையோடு ஏவ்லின் நின்றிருந்தாள். அவள் தலை நிமிர்ந்தது. தேவதாஸ் பின்வரிசைக்குப் போனார்.

அந்தக் கேள்வி சாயங்காலத்துக்குள் பதிலாகிவிட்டது. உப்பளத்தில் கேள்விகள் நெடுநாள் கேள்வியாக இருப்பதில்லை. ஜில்பேர் செத்தபோது பக்கத்தில் இருந்தது யார்? தேவதாஸ். ஜில்பேரின் உடைமை என்று ஏவ்லினுக்கு வந்தது என்ன? ஒரு தந்தி. அப்படியானால் மெடல் யாருடையது? மீன் வாங்கப் போன மர்த்தின் காதில் விழுகிற மாதிரியே ஒருத்தி சொன்னாள்: “பொணத்துமேல கை வெச்சவனுக்கு வெள்ளக் கோட்டு ஒரு கேடு.”

மர்த் மீன் வாங்காமல் திரும்பினாள். “அத எடுத்துக் கடல்ல போடுங்க” என்றாள்.

“போட்டா, திருடினதுன்னு ஆயிடும்.”

“இப்ப மட்டும் இன்னா ஆயிருக்குதாம்?”

சிலுவை சட்டைப்பையில் இருந்தால் என்ன, பெட்டியில் இருந்தால் என்ன என்று தேவதாசும் நினைத்துப் பார்த்தார். முடியவில்லை. நண்பனின் பிணத்திலிருந்து திருடியவன் என்ற பேரோடு சாக அவரால் முடியாது. குறிப்பில் ஒரு வரி ஏற வேண்டும். அந்த ஒரு வரிக்காக அவர் நடக்கத் தொடங்கினார்.

பழைய சிப்பாய்களின் காகிதங்களைப் பார்க்கும் அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. அங்கிருந்த அதிகாரி மரியாதைக்காரர். உட்காரச் சொல்லியே இல்லை என்பார். காகிதம் தொலைந்தால் அதே பிரிவில் இருந்த ஒருவர், கண்ணால் கண்டவர், வந்து உறுதி சொன்னால் போதும், குறிப்பைத் திருத்த மேலே எழுதலாம் என்றார். தேவதாஸுக்கு மார்பில் இருந்த பாரம் இறங்கியது. ஏழு பேர்கூட இல்லை, ஒரே ஒருவன்.

“என்னிக்கு நடந்தது?” என்று அதிகாரி கேட்டார்.

“அம்பத்தி ஒண்ணு, பெரிய வெள்ளிக்கிழமை, முசியே.”

சங்கத்தின் வேலையாக அங்கே வந்து உட்கார்ந்திருந்த ஷார்ல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அன்னிக்கு நீ உழவர்கரை ரோட்டுல இல்ல இருந்த? மைக்குல சொன்னியே. நான் முன்னாடி நாற்காலியில ஒக்காந்து கேட்டேன்.”

“அது… அது சும்மா சொன்னது முசியே. ஒரு ஒத்தாச.”

“அப்ப அது பொய்யா?”

“ஆமா.”

“இது?”

சாட்சிக் கூண்டில் இருமாத மனிதருக்கு அன்று முதல்முறையாக இருமல் வந்தது. இந்தோசீனாவில் இருந்தேன் என்றால் ஊர் கூடிய மேடையில் பொய் சொன்னவர். உழவர்கரையில் இருந்தேன் என்றால் மெடல் திருட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் சொன்ன சாட்சியே அவருக்கு எதிரே நின்றது, நல்ல நிமிர்வோடு, வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு.

“கண்ணால் கண்ட ஒருவரைக் கூட்டி வாருங்கள்” என்றார் அதிகாரி. “உங்களைத் தவிர.”

கண்ணையன் வீட்டில் இப்போது கூடத்துச் சுவர் முழுக்கத் தலைவர்களின் படங்கள். ஆட்கள் போகும்வரை தேவதாஸ் ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போனதும் கண்ணையன் கதவைச் சாத்திவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“கேள்விப்பட்டேன் மச்சான். வயித்தெரிச்சலா இருந்துது. உன்னப் போயி திருடன்னு சொல்றானுங்களே.”

“நீ ஒருத்தன் வந்து சொன்னாப் போதும் மாமா.”

“இன்னான்னு சொல்றது?”

“பாத்தத.”

கண்ணையன் கையை விடவில்லை. “பாத்தேன்டா. இன்னிக்கும் பாக்கறேன். கயிறு ஒன் கைக்கு எட்டல, ரெண்டாந் தபா வீசினேன். நீ அவன மொதல்ல தள்ளிவிட்ட. தண்ணி எல்லாம் ரத்தம். நான் சாவற நாள்ல வேற எது மறந்தாலும் அது மறக்காது.” அவருக்குக் கண் கலங்கியது. நடிப்பு இல்லை, மேடையில் அவர் அழும்போது குரல் வேறு மாதிரி இருக்கும். “ஆனா அங்க வந்து எப்படிச் சொல்வேன்? அம்பத்தி ஒண்ணுல நான் இங்க அடி வாங்கிக்கினு இருந்தேன். சொன்னது யாரு? நீதான். நீ சொன்னத நான் பொய்யின்னு சொன்னா, அசிங்கம் எனக்கு மட்டுமா? உனக்கும் இல்ல?”

“எனக்கு இனிமே இன்னா அசிங்கம்?”

“இரு, இரு. அதுக்கு ஒரு வழி கீது.” கண்ணையன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். “அன்னிக்கு என்னைத் தூக்கிவிட்டவன் நீதானே? தூக்கிவிட்டவனையும் போலீசு அடிக்காம விட்டிருப்பானா? ஒன் தோள்ல இருக்கறது இன்னா தழும்பு? வர்ற நவம்பர் ஒண்ணாந் தேதி விடுதலை நாள் கூட்டத்துல நான் சொல்றேன். நீயும் தியாகி. மாலை போடறேன். அப்பறம் எவன் உன்னத் திருடன்னு சொல்லுவான்?”

தேவதாஸ் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கேலி இல்லை. கண்ணையன் தன்னிடம் இருப்பதில் நல்லதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார். ஒரு நொடி ஆசைகூட வந்தது. பிறகு, இடது கையைத் தூக்கி அந்த மாலையை வாங்கிப் பார்த்தார், மனத்துக்குள். கை தோளுக்கு மேல் எழவில்லை.

“எனக்குச் சோறு வாணாம் மாமா, நான் வரேன்” என்று எழுந்தார். கண்ணையன் சாப்பிடச் சொல்லியிருக்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னோம் என்று தேவதாஸ் தெருவெல்லாம் யோசித்துக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் அவரைத் தேடி யாரும் சாட்சிக்கு வரவில்லை. ஏழு பேரில் ஒருவர் திருடராக இருந்தால் பிறக்க வேண்டியவனுக்குச் சங்கடம். கோட்டு கொடியிலேயே தொங்கியது. இடது மார்பில், குண்டூசி ஏறி இறங்கிய இடத்தில், அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை.

1961 தவக்காலத்தில் ஒருநாள் தேவதாஸ் வீட்டுக்கு ஏவ்லின் வந்தாள். கோயிலில் பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுபவள். கைகளில் கஞ்சிப் பசை காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. சண்டைக்குத்தான் வருகிறாள் என்று மர்த் முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“சண்டைக்கு வர்ல அக்கா. ஒரு தபா தொட்டுப் பாத்துட்டுக் குடுத்துடறேன்.”

தேவதாஸ் சிலுவையை எடுத்து வந்து கொடுத்தார். ஏவ்லின் அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பிறகு மூக்கருகே கொண்டுபோனாள். பத்து வருஷம் கழித்து வெண்கலத்தில் என்ன வாசனை இருக்கும்? நாடாவில் மர்த் போட்டு வைத்த வேப்பிலை வாசனைதான்.

“சமாதின்னு ஒண்ணு இருந்தாலாவது பூ வெப்பேன்” என்றாள் ஏவ்லின். “கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுவத்தி எடுத்துக்கினு போறாங்க. நான் மத்தவங்க குழிக்குப் பக்கத்துல நிக்கறேன். அவரு செத்தாரான்னே எனக்குச் சில நாள்ல தெரியல.” அவள் சிலுவையைத் திரும்ப நீட்டினாள், ஆனால் விரல் திறக்கவில்லை. “அண்ணே, நீங்க திருடினீங்கன்னு நான் சொல்லல. அவரு சட்டையில கெடந்து கெட்டுப்போயிடப்போவுதுன்னு எடுத்து வெச்சிருப்பீங்க. அப்படித்தானே?”

மர்த் அவளைக் கீழே போட்டு மிதிக்கிற பார்வை பார்த்தாள். தேவதாஸ் சுவரோரம் நின்றார். சாட்சியில்லாத உண்மையைப் பேசிப் பேசி அவருக்கு அலுத்திருந்தது. எதிரே ஒருத்தி, அவர் சொன்னால் நம்புவதற்காகவே காத்திருக்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்ததில்லை.

“ஆமாம்மா” என்றார். “அவனோடதுதான். கர்னல் வந்து அவன் ஒடம்புமேல குத்தினத நான் பாத்தேன்.”

அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. அவள் போன பிறகு மர்த் உள்ளே போனாள். அடுப்பில் எதையோ கிளறினாள்.

“நல்ல மனுசன்னு நெனப்பா உங்களுக்கு?” என்று கடைசியில் கேட்டாள்.

“இல்ல.”

“பின்ன?”

“அவ கேட்டா. நான் நின்னேன்.”

பிறகு நடந்ததில் ஒரு தடங்கலும் இல்லை. ஏவ்லினை ஷார்லே கையோடு மாடிக்கு அழைத்துப் போனார். ஜில்பேரின் குறிப்பில் விட்டுப்போன போர்ச் சிலுவையை ஏற்ற வேண்டும். தேவதாஸ் நிமிர்ந்து நின்று, இருமாமல், பார்த்ததைச் சொன்னார். தன்னைத் தானே திருடனாக்கிக்கொள்கிறவன் பொய் சொல்ல என்ன அவசியம் என்று அதிகாரிக்குத் தோன்றியிருக்க வேண்டும். இந்தத் தடவை அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. இருந்தாலும் வலுவுக்கு ஊர்ப் பெரிய மனிதர்கள் சிலரும் நின்றால் நல்லது என்று ஷார்ல் நினைத்தார். சொல்லியனுப்பிய மறுநாளே வந்தார்கள். அரிசி மண்டி ராஜாங்கம், கோயில் உபதேசியார், பள்ளிக்கூடத்து வாத்தியார், இன்னும் யார் யாரோ. தொங்கின் கிழக்கிலா மேற்கிலா என்று கேட்டால் ஆளுக்கொரு திசை காட்டக்கூடியவர்கள். ஏழாவது ஆளாக, கதர்த் துண்டை இழுத்து விட்டுக்கொண்டு, தியாகி கண்ணையன்.

“ஜில்பேர் வீரன். அந்தச் சிலுவை அவனோடதுதான். நான் மனசாரச் சொல்றேன்” என்று கையெழுத்துப் போட்டார். எங்கே பார்த்தீர்கள் என்று அவரை யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் பார்க்க வேண்டியதில்லை. பேனாவை வைக்கும்போது அவர் கண் ஒரு தடவை தேவதாஸிடம் வந்துவிட்டுத் திரும்பியது.

மாடிப்படியில் இறங்கும்போது கிட்டே வந்து, “இன்னாடா இது?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நீ எனக்கு ஒருத்தனா நிக்க முடியல. அவனுக்கு ஏழு பேர்ல நின்னுட்ட. போதும் மாமா.”

காகிதம் கடல் தாண்டிப் போய்த் திரும்பிவர ஒரு வருஷத்துக்கு மேலாயிற்று. அதற்குள் புதுச்சேரி காகிதத்திலும் இந்தியா ஆனது. பிரெஞ்சுக் குடியா, இந்தியக் குடியா, எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்தா வீடுகளில் கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டார்கள். வடக்கே எல்லையில் சீனாக்காரன் இறங்கியிருந்தான். கண்ணையன் தெருமுனைகளில் யுத்த நிதிக்குப் பேசினார். முழங்கால் சேற்றில் சிப்பாய் நிற்பதையும், அட்டை உறிஞ்சுவதையும், நண்பனின் முனகல் நின்றுபோவதையும் அவர் சொன்னபோது பெண்கள் வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். இவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று வியந்தவர்களும் உண்டு. நல்ல பேச்சாளர் என்று முடிவு கட்டிக்கொண்டார்கள்.

1962 நவம்பர் பதினொன்றுக்கு ஜில்பேரின் சிலுவை வெல்வெட்டுத் தலையணையில் வந்தது. தலையணைக்குப் பூவேலை செய்தவள் மர்த். உப்பளத்தில் அவளைவிட நன்றாகச் செய்ய ஆளில்லை என்று ஏவ்லினே வந்து கேட்டாள். மர்த் மறுக்கவில்லை. செய்து முடிக்கும்வரை புருஷனோடு பேசவுமில்லை.

தேவதாஸ் கடைசி வரிசைக்கும் பின்னால், கல்தூணோரம் நின்றார். திருடியதைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு அவ்வளவு மரியாதை உண்டு. வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஷார்ல் ஜில்பேரின் பேரை வாசித்தார். 1951, பெரிய வெள்ளிக்கிழமை, எதிரியின் குண்டுமழையில் வாய்க்காலைத் திரும்பக் கடந்து, காயமுற்ற தோழனைச் சுமந்து வந்தவர். தேவதாஸ் சொல்லிக் கொடுத்த வாசகம்தான். கேட்கும்போது, அப்படி ஒருவன் இருந்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. அலை வந்து கற்களில் மோதிவிட்டுப் போனது.

கூட்டம் கலையும்போது ஏவ்லின் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள். முகத்தில் என்றைக்குமில்லாத தெளிவு.

“அண்ணே, இன்னொரு தபா சொல்லுங்க. கடைசியா என் பேரத்தானே சொன்னாரு?”

தேவதாஸ் கடலைப் பார்த்தார். சாட்சி சொல்கிற தெம்பு அவரிடம் மிச்சமில்லை.

“இல்லம்மா. சோறு ஆயிடுச்சான்னு கேட்டான்.”

ஏவ்லின் அவரை ஒரு நொடி பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணில் நீரோடு. “போங்கண்ணே. இன்னிக்குக்கூடவா பொய் சொல்லுவீங்க?” அவள் விதவைகளோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். அவர்களிடமும் அதைச் சொல்லியிருப்பாள் போல. இரண்டு மூன்று தலைகள் தேவதாஸ் பக்கம் திரும்பி, இல்லையென்று ஆடின.

உப்பளத்துக்கு நடந்து வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மர்த் வாசலைப் பார்த்தபடி முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

“கோட்டக் கழட்டிக் குடுங்க” என்றாள். பல நாள் கழித்து அவள் பேசிய முதல் வார்த்தை. “அந்த ஓட்ட ரெண்டையும் தைக்கணும்.”

“இருக்கட்டும்” என்றார் தேவதாஸ். கோட்டோடேயே உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வந்து எதிரே நின்றாள். அவர் கழற்றவில்லை.